மலைத்தோட்டத்தில் எந்தத் தக்காளியை வைப்பது?

கொடைக்கானலில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் விதை உறையின் மேலிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் தக்காளி ரகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்ளங்கையை நிறைக்கும் பழம், ரத்தச் சிவப்பு, ஒரு தழும்பு கிடையாது. நான் சொல்லவருவது ஒன்றுதான்: படத்தை விடுங்கள், உங்கள் வீட்டு இரவைப் பாருங்கள். இரவில் எத்தனை டிகிரி வரை குளிர்கிறது, காலையில் இலைகள் எத்தனை மணி வரை ஈரமாக இருக்கின்றன என்று தெரிந்துகொண்டாலே எந்த ரகம் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

மலைமேல் எதற்குத் தக்காளி என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் பெட்டி பெட்டியாக ஏறி வருகிறது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குவிந்து கிடக்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். அந்தப் பழம் லாரியில் நசுங்காமல் வந்து சேர வேண்டும் என்பதற்காக, நிறம் திரும்பத் தொடங்கும்போதே பறிக்கப்பட்டது. பெட்டிக்குள் சிவக்கிறது, ஆனால் கொடியில் கிடந்தால் இலையிலிருந்து வந்து சேர்ந்திருக்க வேண்டிய சர்க்கரை பறித்த அன்றோடு நின்றுபோகிறது. ரசத்துக்கு அதை எத்தனை பிழிந்தாலும் புளியைக் கூட்டித்தான் ஆக வேண்டும். கொடியிலேயே பழுத்த நாட்டுத் தக்காளி நான்கைக் கையால் கரைத்து மிளகு சீரகம் தட்டிப் போட்டு இறக்கிய ரசத்தைச் சாப்பிட்டவர்களுக்கு, வீட்டுச் செடி ஏன் வேண்டும் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டத்துக்கென்று யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது பி.கே.எம். 1. அதன் பெயரில் இருப்பது பெரியகுளம். மலைக்கு நேர் அடியில், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து சடுதிமாற்றம் செய்து உருவாக்கியது. கொஞ்சம் தட்டையான பழம், தோளில் பச்சைப் பட்டை, நல்ல புளிப்பு. அருமையான ரகம். எங்கள் சொந்தக்காரர்கள் பெரியகுளத்தில் கொல்லைப்புறத்தில் வைத்து அண்டை வீட்டுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். அதே விதை கொடைக்கானலுக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காரணம் எளிது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டரில் இருக்கிறது. பெரியகுளம் 300 மீட்டரைக்கூட எட்டாது. அடுக்கம் பாதையில் சில மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஆனால் தக்காளிச் செடிக்கு அது வேறு நாடு.

இந்த 1,800 மீட்டர் ஏற்றத்தில் வரும் சுமார் 12 டிகிரி வித்தியாசம் செடியில் என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாயுடுபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி சென்ற கோடையில் வந்து கேட்டார்: “அக்கா, செடி ஆள் உயரம் வந்துவிட்டது. பூவும் கொத்துக் கொத்தாக வருகிறது. ஒன்றுகூட நிற்கமாட்டேன் என்கிறது. என்ன உரம் போடட்டும்?”

“உரத்தில் குறை இல்லை தம்பி. வாருங்கள், பூவைப் பார்க்கலாம்” என்று போனேன்.

தக்காளிப் பூவின் காம்பில், நடுவாக்கில், சின்ன முட்டி போல ஒரு வீக்கம் இருக்கும். பூ மலர்ந்த பிறகு அந்த முட்டிக்கு மேலே காம்பு பச்சையாகத் தடித்துக்கொண்டே போனால் காய் பிடித்துவிட்டது என்று பொருள். முட்டி மஞ்சளடித்தால் ஒன்றிரண்டு நாளில் பூ அந்த இடத்தில் கழன்று விழும். அவர் செடியில் எல்லா முட்டியும் மஞ்சள். இரவு வெப்பம் 12, 13 டிகிரிக்குக் கீழே போகும்போது பூவுக்குள் உருவாகும் மகரந்தம் குறைந்துபோகும், இருப்பதும் முளைக்கும் வலுவை இழக்கும். கொடைக்கானலில் ஏப்ரல், மே மாதங்களிலேயே இரவு அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. டிசம்பர், ஜனவரியைச் சொல்லவே வேண்டாம். தழைச்சத்தைக் கொட்டினால் இலைதான் இன்னும் அடரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தக்காளியின் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. பூவைப் பிடித்து உலுக்கினால்தான் அது கொட்டும். தேன்கூட்டில் வாழும் தேனீக்களுக்கு அந்த உலுக்கல் தெரியாது. மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் உடம்பை அதிரச் செய்து எடுக்கும். குளிரும் மூடுபனியுமான நாளில் அவையும் வருவதில்லை. ஆகவே வெயில் வந்து பூ உலர்ந்த பிறகு, காலை பத்து பத்தரை மணிக்கு, கொத்தின் காம்பை விரலால் நான்கு சுண்டு சுண்ட வேண்டும். கீழே கறுப்புத் துணியையோ கைபேசித் திரையையோ நீட்டிப் பாருங்கள். மஞ்சள் தூள் விழுந்தால் அந்த ரகத்துக்கு உங்கள் இரவு ஒத்துக்கொள்கிறது. ஒன்றுமே விழாவிட்டால் ரகத்தை மாற்றுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான சோதனை வேறு இல்லை.

குளிருக்கென்றே உருவான ரகங்கள் இருக்கின்றன, விதையும் இப்போது இந்தியாவிலேயே சின்னப் பொட்டலங்களில் கிடைக்கிறது. (வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் சொல்லி அனுப்ப வேண்டாம், அனுமதியில்லாமல் விதை கொண்டுவருவது சட்டப்படி கூடாது, கூடவே நோயும் வரும்.) கனடாவில் பீவர்லாட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான சப்-ஆர்க்டிக் பிளென்ட்டி, செக் நாட்டு ரகமான ஸ்டூபிட்சே, அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் கொடுத்த ஓரிகன் ஸ்பிரிங், லெஜண்ட் ஆகியவை இந்த வகை. கடைசி இரண்டும் மகரந்தம் சரியாகச் சேராவிட்டாலும் காயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த பழத்தில் விதை மிகக் குறைவாக இருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. சமையலுக்கு நல்லது, விதை சேமிப்பவர்களுக்குச் சங்கடம்.

ஆனால் இந்த ரகங்களின் உறையில் ‘55 நாள்’, ‘60 நாள்’ என்று போட்டிருப்பதை நம்பிக் காலண்டரில் குறித்துவைக்காதீர்கள். அந்தக் கணக்கு நாற்று நட்ட நாளிலிருந்து, அதுவும் கோடையில் பகல் 16 மணி நேரம் நீளும் வடக்கு நாடுகளில் போட்டது. நம் மலை 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தைச் சுற்றியே இருக்கும், அதிலும் மத்தியானத்துக்கு மேல் மூடுபனி பாதியைத் தின்றுவிடும். வெப்பக் கணக்கும் உண்டு. 10 டிகிரிக்குக் கீழே தக்காளி வளர்வது அநேகமாக நின்றுவிடும். சமவெளியில் சராசரி 28 டிகிரி என்றால் வளர்ச்சிக்கு ஒரு நாளில் 18 டிகிரி சேர்கிறது. கொடைக்கானலில் நல்ல கோடையிலும் சராசரி 16, 17 தான், ஆறோ ஏழோதான் சேரும். ஆகவே முந்திக் காய்க்கும் ரகம்கூட இங்கே மெதுவாகத்தான் வரும். தாமதமாகக் காய்க்கும் ரகமோ வடகிழக்குப் பருவமழை வந்து அடிக்கும்போது பச்சைக் காயோடு நிற்கும்.

பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் போன்ற பெரிய பழ ரகங்களின் மேல் இப்போது பலருக்கும் ஆசை. சுவையில் குறை சொல்ல முடியாதவை. கண்ணாடி வீடோ பாலித்தீன் குடிலோ இருந்தால் தாராளமாக வையுங்கள். திறந்த வெளியில் 6,000 அடிக்கு மேலே வேண்டாம் என்பேன். பூ உருவாகும் சமயத்தில் குளிர் தாக்கினால் பெரிய பழம் தழும்பும் மடிப்புமாகக் கோணிக்கொள்ளும், அந்த மடிப்பில் தண்ணீர் தங்கி அழுகும். சின்னப் பழத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு கொத்தில் இருபது பூ வந்து பாதி கொட்டினாலும் மீதி நிற்கும்.

அதனால் மலைத் தோட்டத்துக்கு நான் முதலிடம் கொடுப்பது செர்ரித் தக்காளிக்குத்தான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டங்களின் ஓரத்தில், வீட்டுத் தண்ணீர் வடியும் இடத்தில், யாரும் விதைக்காமல் கோலிக்குண்டு அளவில் காய்த்துத் தொங்கும் தக்காளியைப் பார்த்திருப்பீர்கள். தோல் தடிப்பு, விதை அதிகம், புளிப்போ நாக்கைச் சுண்டும். அதன் விதையைத்தான் நான் ஆசையாக எடுத்து வைத்திருக்கிறேன். வாங்கி வைப்பதென்றால் ஜப்பானிலிருந்து வந்த சன்கோல்டு என்ற ஆரஞ்சு நிறச் செர்ரி இருக்கிறது. குழந்தைகள் செடியிலேயே பறித்துத் தின்று தீர்த்துவிடுவார்கள். தோல் மெல்லியது, ஒரு மழைக்கே வெடிக்கும், ரசத்துக்கு உதவாத இனிப்பு. வீரிய ஒட்டு என்பதால் அடுத்த தலைமுறை அதே போல வராது.

இனி ஈரத்துக்கு வருகிறேன். மலையில் தக்காளி வைத்தவர்களை அழவைப்பது குளிரைவிடப் பின்பருவ இலைக்கருகல்தான். அயர்லாந்தில் 1845-ல் தொடங்கிய பஞ்சத்துக்குக் காரணமாக உருளைக்கிழங்கை அழித்த அதே நோய், தக்காளியையும் தாக்கும். 15-லிருந்து 20 டிகிரி குளிர்ச்சியும் மணிக்கணக்கில் காயாத இலையும் அதற்குப் போதும். கொடைக்கானலின் ஜூலை மாதம் வேறென்ன? முதலில் இலை ஓரத்தில் வெந்நீர் பட்டதைப் போல சாம்பல் பச்சையில் ஒரு திட்டு தெரியும். விடியற்காலையில் அந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் திட்டின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் மெல்லிய வளையமாக நிற்கும். வெயில் ஏறினால் அது மறைந்துவிடும், அதனால்தான் பலரும் கவனிப்பதில்லை. அடுத்து தண்டில் கருங்கோடு, காயில் எண்ணெய் தடவியது போலப் பழுப்பு. ஒரு வார மழையில் தோட்டமே கருகிவிடும்.

பூம்பாறை, மன்னவனூர் போலப் பக்கத்தில் உருளைக்கிழங்குக் காடு இருக்கும் ஊர்களில் இந்த ஆபத்து இரட்டிப்பு. கழித்துப் போட்ட கிழங்குக் குவியலிலிருந்து முளைக்கும் செடிதான் நோய்க்கு வீடு. உருளைக்கிழங்கு போட்ட பாத்தியில் தக்காளி வைப்பதும் வேண்டாம். கிழங்கின் வேரைத் தின்னும் நூற்புழு தக்காளி வேரிலும் ஏறும்.

எந்த ரகம் தாங்கும் என்றால், பெங்களூர் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா அபேத் என்ற வீரிய ஒட்டு, இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகியவற்றோடு பின்பருவக் கருகலுக்கும் எதிர்ப்பு உடையது. அதே நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் புகழ்பெற்ற ரகம்தான், ஆனால் அதன் எதிர்ப்பு முதல் மூன்று நோய்களுக்கு. இந்த வேறுபாடு எங்களுக்கு மிக முக்கியம். உறையில் ‘நோய் எதிர்ப்பு’ என்று எழுதியிருந்தால் எந்த நோய்க்கு என்று படியுங்கள். இலைச்சுருட்டு வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ குளிரில் பெருகுவதில்லை. கொடைக்கானலில் அந்த எதிர்ப்புக்குக் காசு கொடுத்துப் பயன் குறைவு. அதுவே 4,000 அடியில் தாண்டிக்குடியில் வைக்கிறவர்களுக்கு மூன்றும் தேவைப்படும். அங்கே செடி பச்சையாகவே திடீரென்று துவண்டால் தண்டை வெட்டி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். பால் போல நூல் நூலாக இறங்கினால் பாக்டீரியா வாடல். பிறகு அந்த இடத்தில் மிளகாய், கத்தரிக்காய்கூட வைக்க முடியாது. அந்த உயரத்தில் பி.கே.எம். 1 நன்றாகவே வரும். இரவுகள் அதற்கு ஏற்றவை.

ரகம் எதுவானாலும் மேலே ஒரு கூரை வேண்டும். மூங்கில் நட்டு, பாலித்தீன் தாளைச் சாய்வாகக் கட்டி, நான்கு பக்கமும் திறந்துவிட்டால் போதும். இலை நனையாமல் காற்று ஓடினால் கருகல் பாதியாகக் குறையும். கூரை கட்டுகிறவர்கள் கொடியாக ஓடும் ரகத்தை வைத்து, கயிற்றில் ஏற்றி, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடலாம். கட்ட முடியாதவர்கள் குட்டையாக நின்று ஒரே மூச்சில் காய்த்து முடிக்கும் ரகத்தை எடுங்கள். ஜனவரிக் கடைசியில் வீட்டுக்குள் குழித்தட்டில் விதைத்து, உறைபனி பயம் போன மார்ச்சில் நட்டால், பெருமழைக்கு முன் கணிசமாகப் பறித்துவிடலாம். காபிக்காரர்கள் அடிக்கும் போர்டோ கலவை தக்காளிக்கும் ஆகும்: ஒரு லிட்டருக்கு மயில்துத்தம் 10 கிராம், சுண்ணாம்பு 10 கிராம், இரண்டையும் தனித்தனியே கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். நோய் வருமுன் அடித்தால்தான் பலன். கருகிய செடியை எருக்குழியில் போடாதீர்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியானம் மூடுபனி ஏறிவிடும் ஊரில் மேற்கு வெயிலை நம்பக்கூடாது. காலை வெயில் விழும் கிழக்குப் பக்கக் கருங்கல் சுவரை ஒட்டி வையுங்கள். பனியும் சீக்கிரம் காயும், பகலில் சூடேறிய கல் இரவில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். மண் இங்கே புளித்த மண். மழை சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போயிருக்கும். நடுவதற்குச் சில வாரம் முன்பே டோலமைட் தூவிக் கிளறுங்கள், இல்லையென்றால் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகும்.

சுவை பற்றிச் சொல்லாமல் ரகத் தேர்வு முடியாது. வியாபாரிகளுக்குத் தோளில் பச்சைப் பட்டை பிடிக்காது. ஒரே சீராகச் சிவக்கும் பழத்துக்குத்தான் விலை. அப்படிச் சீராகப் பழுக்கும் குணம் ஒரு மரபணு பழுதானதால் வந்தது என்று 2012-ல் சயின்ஸ் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அந்த மரபணு வேலை செய்யும்போது காயின் தோளில் பச்சையம் கூடுகிறது, காயே கொஞ்சம் சர்க்கரை தயாரித்துக்கொள்கிறது. பட்டையை நீக்கிய கையோடு இனிப்பிலும் கொஞ்சம் போய்விட்டது. ஆகவே வீட்டுக்கு வைக்கும்போது பச்சைத் தோள் உள்ள ரகத்தை ஒதுக்காதீர்கள். குளிரில் அந்தத் தோள் கடைசி வரை மஞ்சளாகவே நின்றாலும் கவலை வேண்டாம், அந்தத் துண்டை அரிந்துவிட்டால் மீதி அமிர்தம்.

இத்தனைக்கும் பிறகு தக்காளி வேண்டாமென்று தோன்றுகிறவர்களுக்கு மரத்தக்காளி இருக்கிறது. தக்காளிக்கு ஒன்றுவிட்ட சொந்தம், அதுவும் தென் அமெரிக்க மலைக்காரிதான். கொடைக்கானல் குளிரில் கவலையில்லாமல் காய்க்கும். சுட்டுத் தோலுரித்துப் பச்சைமிளகாயோடு அரைத்தால் இட்லிக்கு நல்ல சட்னி. ரசத்துக்கு மட்டும் அதைக் கொண்டுவராதீர்கள்.

விதை எடுப்பதென்றால் பெரிய பழத்தைத் தேடாதீர்கள். குளிர் இருக்கும்போதே முதலில் காய் பிடித்த செடி எது, பக்கத்துச் செடி கருகும்போது நின்றது எது என்று பார்த்து, அதில் ஒரு நூல் கட்டி வையுங்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் குணம் அதிகம் கலையாது. சாறோடு விதையைப் பிழிந்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு கழன்றதும் அலசி நிழலில் உலர்த்துங்கள். வருடா வருடம் இப்படிச் செய்து வந்தால் உங்கள் தோட்டத்துக்கென்று ஒரு ரகம் மெல்ல உருவாகும். கடையில் எந்த விலைக்கும் அது கிடைக்காது.

அக்டோபரில் மழை இறங்கியதும் செடியில் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டாம். எல்லாக் காயையும் பறித்துவிடுங்கள். பச்சை வெளுத்து லேசாக நிறம் திரும்பியதைக் காகிதப் பையில் போட்டு, பழுத்த விருப்பாச்சி மலைவாழைப்பழம் ஒன்றை உள்ளே வைத்து மடித்தால், வாழைப்பழத்திலிருந்து வரும் எத்திலீன் அவற்றைப் பழுக்க வைத்துவிடும். கரும்பச்சையாக, கல்லாக இருப்பது பழுக்காது. அதைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டுக் கூட்டு வையுங்கள். புளி சேர்க்கத் தேவையில்லை.